துக்கம் இறங்கும் வரை

மார்ச் 3, திங்கள்

துக்கம் நாள் முழுக்க ஒரே கனத்தில் இருப்பதில்லை. ஏறும், பிறகு இறங்கும். ஏறி நிற்கும்போது ‘இனி எப்போதும் இப்படித்தான்’ என்று மனம் அடித்துச் சொல்லும். அந்த நேரத்தில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். வீட்டை விற்பது, வேலையை விடுவது, போனவரின் துணிமணிகளை மொத்தமாக அப்புறப்படுத்துவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 5, புதன்

துக்கம் பொங்கி வரும்போது முதலில் உட்காருங்கள். பாதம் தரையில் பதியட்டும். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். விநாடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. ஐந்து நிமிடம் செய்து பாருங்கள்.

பலர் தடுமாறுவது இழுப்பதில்தான். ஆழமாக வேண்டும் என்று வேகவேகமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல்நுனி மரக்கும், பதற்றம் இன்னும் கூடும். கொஞ்சமாக இழுத்தால் போதும்.

பிறகு உள்ளே இருப்பதைப் பேர் சொல்லிக் குறியுங்கள்: தொண்டை அடைப்பு, கோபம், குற்ற உணர்வு, சில சமயம் நிம்மதிகூட. நெடுநாள் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்த நிம்மதி வருவது இயல்பு. அதைப் பாவமாக நினைத்து மறைப்பவர்களுக்குத்தான் பாரம் கூடுகிறது.

அழுகை வந்தால் வரட்டும். வராவிட்டால் பாசம் இல்லை என்று அர்த்தமில்லை.

மார்ச் 6, வியாழன்

நெஞ்சை அழுத்தும் வலியை மட்டும் ‘துக்கம்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். கடும் துயரத்தில் இதயத் தசை தற்காலிகமாகத் தளரும் நிலை உண்டு. மருத்துவர்கள் தகோட்சுபோ என்பார்கள். மாரடைப்பு போலவே இருக்கும். வீட்டில் வைத்துப் பிரித்தறிய முடியாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

1999-இல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார். அந்தப் போக்குவரத்தே ஆறுதலின் வழி. ஆகவே நடுவில் சிரித்துவிட்டதற்கோ, பசித்துச் சாப்பிட்டதற்கோ கூச வேண்டாம்.

ஒரு பக்கத்திலேயே சிக்கிக்கொள்ளும்போதுதான் சிக்கல். வேலையில் மூழ்கி நினைப்பையே அண்டவிடாதவருக்கு அது ராத்திரியில் வந்து நிற்கும். ‘அன்றே டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தால்’ என்று சுழல்பவருக்கு இறங்க வேண்டியது இறங்காது. சுழலும் கேள்வியைத் தாளில் ஒருமுறை முழுதாக எழுதி, கால் மணி நேரத்தில் நிறுத்தி, எழுந்து கையால் செய்யும் வேலை ஒன்றைத் தொடங்குங்கள்.

மார்ச் 14, வெள்ளி

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்குச் சொல்லப்படும் ஐந்து கட்டங்களை வரிசையாகக் கடக்க வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது, தங்கள் மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளிடம் பேசியதை வைத்து; ஒருவரை இழந்து நிற்பவர்களை வைத்து அல்ல.

மார்ச் 20, வியாழன்

திதி, பிறந்தநாள் நெருங்கும்போது மறுபடி ஏறும். ஆறிய புண் திறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்த நாளில் யார் கூட இருப்பது என்று முன்பே பேசி வையுங்கள்.

ஓராண்டு கடந்தும் ஏக்கம் அநேகமாக நாள்தோறும் வாட்டி, அன்றாட வேலையையே முடக்கினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கத்துக்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. ‘நானும் போய்விடலாம்’ என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கவே கூடாது. அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாகத் தூங்காதீர்கள், மருத்துவ உதவியை அப்போதே நாடுங்கள்.