அச்சின் எல்லை: ராயபுரம் நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

கணினியில் வரைபடம் போடக் கற்கும் என் மாலை வகுப்புக்குக் காசிமேட்டிலிருந்து வரும் மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "அக்கா, ஐம்பது சுற்று வரையச் சொன்னேன். ஒன்றுதான் வருகிறது."

சைன் வளைவு. எக்ஸ் அச்சு 0 முதல் 100பை வரை, சுற்றுக்கு 2பை. திரையில் அழகான ஒரே ஓர் அலை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. புள்ளிகள் எத்தனை என்று சொல்லாவிட்டால், பைத்தான் மொழியின் கணக்கு நிரலகமான நம்பையில் (NumPy) சம இடைவெளிப் புள்ளிகள் தரும் லின்ஸ்பேஸ் கட்டளை 50 தான் தரும். 50 புள்ளிகளுக்கு நடுவே 49 இடைவெளிகள். ஆக ஓர் இடைவெளிக்கு 50/49 சுற்று. முழுச் சுற்றைச் சைன் கண்டுகொள்ளாது. மிஞ்சுவது 1/49 சுற்று. 49 முறை சேர்ந்தால் சரியாக ஒரு சுற்று! ஒவ்வொரு புள்ளியும் உண்மை, படம் முழுப் பொய். இவ்வளவு நேர்த்தியான பொய்யைப் பார்த்த பிறகு, எல்லையையும் புள்ளிகளையும் தனித்தனியாகத் தீர்மானிக்க எனக்கு மனம் வராது.

ஜூன் 10, செவ்வாய்

பலகையில் எழுதிப் போட்டேன்: காலம் (ஒரு சுற்றின் நீளம்) = 2பை; எல்லை = காலத்தின் மூன்று மடங்கு; புள்ளிகள் = சுற்றுக்கு 100. மடங்கை மாற்றினால் மற்றவை தாமே மாறும். 6.28 என்று எண்ணாகத் தட்டுவதை இனி யாரிடமும் ஏற்கப்போவதில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று டேன் (tan) வளைவு. 0 முதல் 2பை வரை 1000 புள்ளிகள். படம் வரையும் நிரலகமான மேட்பிளாட்லிப் ஒய் அச்சைத் தானே -700 முதல் 700 வரை நீட்டிவிட்டது. பை/2 அருகே விழுந்த புள்ளியின் மதிப்பு ஏறத்தாழ -636, 3பை/2 அருகே விழுந்ததன் மதிப்பு 636. மேலும் கீழும், அந்த மொத்த வீச்சில் வழக்கமான 5 சதவீத ஓரம். வளைவு தரையோடு படுத்துவிட்டது. 1001 புள்ளிகள் கொடுத்தால் ஒரு புள்ளி பை/2 மீதே வந்து விழுகிறது. மதிப்பு கோடி கோடியைத் தாண்டுகிறது.

ஒய் எல்லையை -5 முதல் 5 வரை என்று வைத்ததும் வளைவு எழுந்து நின்றது. ஆனால் பை/2 இல் ஒரு செங்குத்துக் கோடு மிச்சம். "வளைவு நெருங்கிக்கொண்டே போய்த் தொடாத அணுகுகோடு அதுதானா, சார்?" என்று பின்வரிசைப் பையன் பக்கத்திலிருந்த கணித ஆசிரியரைக் கேட்டான். இல்லை. மேலே போன புள்ளியையும் கீழே போன புள்ளியையும் நிரல் கண்மூடித்தனமாக இணைத்த கோடு அது. 5ஐ மீறும் மதிப்புகளை நேன் (NaN, 'எண் அல்ல') ஆக்கினோம். கோடு அறுந்தது.

ஜூன் 14, சனி

61 நாள் மீன்பிடித் தடை இன்று நள்ளிரவோடு முடிகிறது. துறைமுகத்தில் பனிக்கட்டி ஏற்றும் சத்தம் வகுப்பு வரை கேட்டது. அதனால் கடல் ஏற்றவற்றத்தையே வரைந்தோம். நிலாவால் வரும் அலைக்கு 12.42 மணி நேரம், சூரியனால் வரும் அலைக்கு 12 மணி. உயரங்களை மாதிரிக்காக 1, 0.4 என்று வைத்து இரண்டையும் கூட்டினோம்.

எக்ஸ் எல்லை 24 மணி என்றால் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், அவ்வளவுதான். 30 நாளாக்கியதும் அலை பருத்து, மெலிந்து, மறுபடி பருத்தது. பருமன்களுக்கு இடையே 14.77 நாள். அமாவாசையும் பௌர்ணமியும் படத்தில் வந்துவிட்டன.

மாணவி பருத்த நாளையும் மெலிந்த நாளையும் தனித்தனிப் படமாக வரைந்தாள். இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒய் அச்சு ஒவ்வொரு முறையும் சட்டத்தை நிரப்பும்படி தன்னை மாற்றிக்கொள்கிறதே! இரண்டுக்கும் -1.5 முதல் 1.5 வரை என்று ஒரே எல்லை போட்டோம். மெலிந்த நாளின் அலை பாதிக்கும் கீழே இறங்கியது. அப்பாவிடம் காட்ட இரண்டு படங்களையும் அவள் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போனாள்.