கொட்டக் கொட்டக் குளவி

ஜூலை 1, 2025, செவ்வாய். சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

குளிர்கால விடுமுறை தொடங்கிவிட்டது. மெட்ரிக் விருந்துக்குப் போகும் பெண்களின் கவுன்கள் இரண்டு ஓரம் மடிக்கக் காத்திருக்கின்றன. பையன் வந்து இயந்திரத்தின் பக்கத்தில் நின்றான். ஏதோ வேண்டுமென்றால்தான் அப்படி நிற்பான்.

"சின்னம்மா, எனக்கு ஒரு முகமூடி தைத்துத் தருவீர்களா?"

செல்பேசியில் படத்தைக் காட்டினான். சிவப்புத் துணியில் ஒரு முகமூடி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்ப்பக்கம் ஷூ கயிறு கோத்தது போன்ற கோணல் தையல். இருபது வருடம் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தவள் நான். இப்படி ஓர் உருப்படி வரிசையில் வந்திருந்தால் மேற்பார்வையாளர் திருப்பி எறிந்திருப்பார்.

படத்தின் பெயர் ‘பிரைட்பர்ன்’. நண்பன் வீட்டில் பார்த்தானாம். பன்னிரண்டு வயதுக்காரன் பார்க்கும் படமா என்று கேட்டேன். "அதில் வருகிறவனுக்கும் பன்னிரண்டுதான்" என்றான்.

(அவன் பேசுவது ஆங்கிலம். இந்தக் குறிப்பில் மட்டும் அவன் தமிழில்தான் பேசுவான். சனிக்கிழமை தோறும் கோயில் கூடத்தில் தமிழ் வகுப்பு நடத்திய என் அப்பாவுக்காக இந்த ஏற்பாடு.)

ஜூலை 2, இரவு

அவன் தூங்கிய பிறகு பார்த்தேன். 2019இல் வந்த படம், இயக்கியவர் டேவிட் யாரோவெஸ்கி. கான்சாஸில் ஒரு பண்ணை. பிள்ளையில்லாத கணவன் மனைவி. வானத்திலிருந்து ஒரு கப்பல் விழுகிறது, அதற்குள் ஒரு குழந்தை. இதுவரை சூப்பர்மேன் கதையேதான், ஒரு நூலும் மாறவில்லை. பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது களஞ்சியத்தின் தரைக்குக் கீழே பூட்டிவைத்த கப்பல் அவனைக் கூப்பிடுகிறது. உலகத்தை எடுத்துக்கொள் என்கிறது. எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறான்.

உணவகத்தில் ஒரு பெண்ணின் கண்ணில் கண்ணாடிச் சில்லு ஏறும் காட்சியில் நான் தையல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என்னை உலுக்கியது அது அல்ல. கடைசியில் அந்தத் தாய், உனக்குள் நல்லது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவனை அணைக்கிறாள். அணைத்த கையில் கப்பலின் உடைந்த துண்டு. அவனைக் காயப்படுத்தக்கூடிய ஒரே பொருள் அதுதான். அவன் பார்த்துவிடுகிறான். வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கையை விட்டுவிடுகிறான்.

விளக்கை அணைக்கப் போனபோது அலமாரி மேலிருந்த தகரப் பெட்டி கண்ணில் பட்டது. அக்காவுடையது. சட்டென்று அணைத்துவிட்டேன்.

ஜூலை 4

கோபம் இன்னும் தணியவில்லை. யாரோ பெற்ற பிள்ளையை வளர்க்கிற எவளும் இந்தப் படத்தைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது. மூன்று வயதில் என் மடிக்கு வந்தவன் இவன். அக்கா போய் ஒன்பது வருடமாகிறது. இவனுடைய அப்பா எங்கே என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. போன பருவத்தில் பள்ளியில் ஒரு பையனைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டான். செய்தி கேட்ட அடுத்த வீட்டு ஆயா வேலிக்கு மேலாகச் சொன்னது இதுதான்: "விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?" நான் அன்று பதில் சொல்லவில்லை. இந்தப் படம் ஆயாவின் பக்கம் சேர்ந்துகொண்டது.

வகுப்பில் ஒரு காட்சி வருகிறது. தேனீக்கும் குளவிக்கும் என்ன வித்தியாசம் என்று ஆசிரியை கேட்கிறார். பையன் ஒரு வகைக் குளவியைப் பற்றிச் சொல்கிறான்: அதற்குக் கூடு கட்டும் திறமை மறந்துபோயிற்று, வேறு இனக் குளவிகளை அடக்கித் தன் குஞ்சுகளை வளர்க்க வைக்கும். பொலிஸ்டெஸ் சல்சிஃபர் என்று பெயர். அப்படி ஒரு குளவி உண்மையிலேயே இருக்கிறது. படத்தின் முழு வாதமும் அந்த ஒரு பூச்சிக்குள் இருக்கிறது.

என் அப்பாவும் ஒரு குளவியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அது எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கிவந்து கூட்டில் வைத்துக் கொட்டிக்கொண்டே இருக்குமாம். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடுமாம். பூச்சி நூல் படித்தவர்கள் சிரிப்பார்கள். புழு அங்கே இரை, குளவியாக வெளியே வருவது குளவியின் சொந்த முட்டை. இருக்கட்டும். ஊரான் பிள்ளையைத் தன் பிள்ளையாக்கும் ஒரு குளவியை எங்கள் பாட்டன்கள் கற்பனை செய்தார்கள், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

ஜூலை 5

கவுன் இரண்டும் போயின. பையனோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. முகமூடியைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 8

சூப்பர்மேனை உண்டாக்கியவர்களைப் பற்றி இரண்டு நாளாகப் படிக்கிறேன். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர், கிளீவ்லாந்தில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு யூதப் பையன்கள். ஷஸ்டரின் அப்பா தையல்காரர்! சீகலின் அப்பா பழைய துணிக்கடை வைத்திருந்தவர். 1932இல் கடையில் திருட்டு நடந்தபோது மாரடைப்பில் இறந்துபோனார்.

அதற்கு அடுத்த வருடம், 1933இல், அந்தப் பையன்கள் முதன்முதலாக ஒரு ‘சூப்பர்மேன்’ கதையைத் தாங்களே நடத்திய சிறு இதழில் வெளியிட்டார்கள். அவன் வில்லன். ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஓர் ஏழையை ஒரு விஞ்ஞானி கூட்டிப்போய் மருந்து கொடுக்கிறான். பிறர் மனத்தைப் படிக்கும் சக்தி வருகிறது, உலகத்தை ஆளப் பார்க்கிறான். மருந்து தீர்ந்ததும் மறுபடியும் ரொட்டி வரிசைக்கே திரும்புகிறான். நாம் அறிந்த நல்லவன் 1938இல்தான் அச்சில் வந்தான். உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள் பாவம்.

ஆக, பிரைட்பர்ன் போன்ற படங்கள் சூப்பர்மேனைத் தலைகீழாக்கின என்று எல்லோரும் எழுதுவது பாதிதான் சரி. முதலில் வெட்டிய துணி கெட்டவனுக்குத்தான். அதைப் பிரித்து நல்லவனுக்குத் தைத்தார்கள்.

இன்னொன்று. பழைய காமிக்ஸ்களில் அவன் உடையைத் தைத்தவள் வளர்ப்புத் தாய் மார்த்தா. கப்பலில் குழந்தையைச் சுற்றியிருந்த போர்வைகளின் நூலைப் பிரித்துத் தைத்தாள். பிரைட்பர்ன் பையன் தன் முகமூடியைத் தானே செய்துகொள்கிறான். அந்தக் கோணல் தையலின் காரணம் இப்போது புரிகிறது. யாரிடமும் தைத்துக் கேட்காத பிள்ளை அவன். இவன் என்னிடம் வந்து கேட்டானே.

ஜூலை 10

‘குரானிக்கிள்’, 2012. இதை அவனோடு சேர்ந்தே பார்த்தேன், சில இடங்களில் ஓட்டிவிட்டு. கதை அமெரிக்காவின் சியாட்டிலில் நடக்கிறது; பெரும்பகுதி எடுத்தது நம் கேப்டவுனில். பையன் படம் முழுக்க நமக்குத் தெரிந்த தெரு வருகிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவருமே கேப்டவுனுக்குப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

மூன்று மாணவர்களுக்குப் பொருள்களை மனத்தால் நகர்த்தும் சக்தி கிடைக்கிறது. இரண்டு பேர் விளையாடுகிறார்கள். மூன்றாமவன் ஆண்ட்ரூ. அம்மா சாகக் கிடக்கிறாள், அப்பா குடித்துவிட்டு அடிக்கிறான். அம்மாவின் மருந்துக்குப் பணம் வேண்டிக் கொள்ளையடிக்கப் போகும்போது ஆண்ட்ரூ எதைப் போட்டுக்கொள்கிறான் தெரியுமா? தீயணைப்பு வீரராக இருந்த அந்த அப்பனின் சீருடையை. அடித்தவனின் சட்டைக்குள் நுழைந்துகொண்டுதான் அவனால் கெட்டவனாக முடிகிறது.

இது பயம். பிரைட்பர்னில் கப்பல் காதில் ஓதுகிறது, பையன் ஆடுகிறான். சாமி வந்தவனிடம் கணக்குக் கேட்க முடியாது. அங்கே இயக்குநர் ஏமாற்றிவிட்டார் என்பேன். ஆண்ட்ரூவுக்கு யாரும் ஓதவில்லை. ஒவ்வொரு படியாக அவனே இறங்குகிறான், இறங்குவது நமக்குத் தெரிகிறது, இங்கேயாவது யாராவது கையைப் பிடியுங்கள் என்று இருக்கிறது.

பையன் கேட்டான்: "அவனுடைய அப்பா ஏன் அடிக்கிறார்?" தேநீர் போடப் போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெள்ளிக்கிழமை வெளியான புதிய ‘சூப்பர்மேன்’ படத்துக்கு நேற்றுப் போனோம். இன்னும் பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போங்கள்.

இயக்கியவர் ஜேம்ஸ் கன். பிரைட்பர்னின் தயாரிப்பாளரும் இவர்தான்; அதை எழுதியவர்கள் இவருடைய தம்பியும் ஒன்றுவிட்ட சகோதரரும். அது தெரிந்து உட்கார்ந்ததால் பாதிப் படத்தில் நிமிர்ந்துவிட்டேன். பெற்றவர்கள் கப்பலில் அனுப்பிய செய்தியில் பாதி சிதைந்திருக்கிறது. நல்லது செய் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று அவன் நம்பி வாழ்கிறான். மீதிப் பாதி வெளியே வருகிறது: பூமியை அடக்கி ஆள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே கப்பல், அதே ஓதல்! ஆறு வருடத்துக்கு முன் ஒரு பண்ணைப் பையன் கீழ்ப்படிந்த அதே கட்டளை. இவன் உடைந்துபோய், வளர்த்தவர்களின் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறான். கடைசியில் மனம் ஆற அவன் போட்டுப் பார்ப்பது பெற்றவர்களின் செய்தியை அல்ல. வளர்த்தவர்கள் எடுத்த பழைய வீட்டுப் படங்களை.

இருட்டில் அழுதேன். பையன் பாப்கார்ன் பையை என் பக்கம் நகர்த்தினான்.

பஸ்ஸில் வரும்போது சொன்னான்: "பிரைட்பர்னில் அம்மா கப்பலை ஒளித்துவைத்தாள். அதுதான் தப்பு."

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

மாரியம்மன் கோயிலில் கூழ். மண்டேலா நாளும் இன்றுதான் என்பதால், அவர் பொதுவாழ்வில் உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு நிமிடமாக அறுபத்தேழு நிமிடச் சேவை என்று இளைஞர்கள் பாத்திரம் கழுவினார்கள்.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியை இறக்கினேன். தூசியில் இருவரும் தும்மினோம். அக்காவின் தொழிற்சாலை அட்டை. மஞ்சள் காவடிச் சேலை. ஒரு கை மட்டும் பின்னி முடித்த குழந்தை ஸ்வெட்டர். ஒரு மருத்துவரின் கடிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவன் படித்தான்.

"அப்பா அம்மாவை அடித்தாரா?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் கழித்து: "நான் அவரைப்போல இருக்கிறேனா?"

"காது மட்டும்" என்றேன். கையால் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு அந்த ஒற்றைக் கை ஸ்வெட்டரை முஷ்டியில் மாட்டி, பொம்மை போல ஆட்டினான். கடிதத்தைத் திரும்பப் பெட்டியில் வைக்கவா என்று கேட்டான். உன் இஷ்டம் என்றேன். வைத்தான். பெட்டி இப்போது அலமாரி மேல் இல்லை, அவன் கட்டிலடியில் இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

சிவப்புத் துணி என்னிடம் மீதமிருந்தது. தைத்துத் தரமாட்டேன், கற்றுத் தருகிறேன் என்றேன். சாக்குக்கட்டியால் கண்களை வரைந்தான், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கெட்டித் தையல் சொல்லிக்கொடுத்தேன்: ஊசி ஓர் அளவு முன்னால் போனால் அரை அளவு பின்னால் வர வேண்டும். அவன் ஓட்டம் ஓட்டமாகப் போனான். இரண்டு முறை பிரித்தேன். மூன்றாம் முறை அவனே பிரித்தான்.

வாய்ப்பக்கம் கயிறு கோக்கப் போனபோது நிறுத்தினான். "அங்கே மூட வேண்டாம் சின்னம்மா. சாப்பிட வேண்டுமே."

முகமூடியோடு வேலியருகே போய் ஆயாவைப் பயமுறுத்திவிட்டு வந்திருக்கிறான். ஆயா இங்கே வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

நாளை பள்ளி திறக்கிறது. அவன் சட்டைக் காலர் தேய்ந்திருக்கிறது. பிரித்து மறுபுறம் திருப்பித் தைக்க வேண்டும்.