மறதி டெஸ்டுக்கு அம்மாவைக் கூட்டிப் போகும் முன்

கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ வீட்டைப் பூட்டிவிட்டு மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் பிள்ளை வீட்டோடு வந்துவிட்டவர்களுக்கு மறதி தட்டினால், டாக்டர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பத்து நிமிஷம் கேள்வி கேட்பார். 30-க்கு 19 என்று ஒரு தாள் கைக்கு வரும். அந்த 19-இல் மூளையின் பங்கு எவ்வளவு, மொழியின் பங்கு எவ்வளவு, காதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை.

மறதியைப் பார்க்க அதிகம் புழங்கும் எம்எம்எஸ்இ (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்) 1975-இல் அமெரிக்காவில் உருவான சோதனை. 30 மதிப்பெண்ணில் 10, நாளும் இடமும் தெரிகிறதா என்பதற்கு. "இது எத்தனையாவது மாடி?" என்று கேட்டால், லிஃப்டில் மகன் பட்டனை அழுத்த, பின்னாலேயே வந்தவருக்கு எப்படித் தெரியும்? தேதி கேட்டால் "ஆடி 12, நாளைக்கு ஏகாதசி" என்பார். சரியான பதில்தான், ஆனால் தாளில் அதற்கு இடமில்லை. 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது பள்ளிக்கூடம் போனவர்களுக்கான கணக்கு. ஹரியானாவின் பல்லப்கரில் படிக்காத கிராமத்தாருக்காக எம்எம்எஸ்இ-யை மாற்றி எச்எம்எஸ்இ என்ற இந்தி வடிவத்தைச் செய்தபோது, 20-இலிருந்து மூன்று மூன்றாகக் கழித்தால் போதும் என்று வைத்தார்கள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா (மறதி நோய்) என்று கணக்கிட்ட லாசி-டாட் என்ற தேசிய ஆய்விலும் இந்த எச்எம்எஸ்இ உண்டு. 

ஆகவே அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேளுங்கள்: மோகா என்ற இன்னொரு மறதிச் சோதனையின் தமிழ்ப் படிவம் இருக்கிறதா, தமிழ் பேசுபவர் நடத்துவாரா? மகனோ மகளோ மொழிபெயர்க்க உட்காரக் கூடாது. தெரியாமலே குரலில் விடையை நீட்டிவிடுவோம். வேறு வழியே இல்லையென்றால், எந்த மொழியில், எந்தப் படிவத்தில் நடந்தது என்று அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட அது வேண்டும்.

அடுத்தது காது. சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பதுதான் நினைவுச் சோதனையின் முதுகெலும்பு. காதில் விழாத சொல்லை யாரும் மறக்க முடியாது. வீட்டிலேயே பார்க்கலாம். அவருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில், சுமார் இரண்டடியில் நில்லுங்கள். சோதிக்காத காதின் வாயிலில் உள்ள சின்ன மடலை அவரையே அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். மூச்சை முழுக்க விட்டபின் "4, க, 7" என்பதுபோல் மூன்றைக் கிசுகிசுங்கள். தவறினால் வேறு மூன்று. ஆறில் மூன்றையாவது சரியாகத் திருப்பிச் சொல்லாவிட்டால் முதலில் காது டாக்டர். சில நேரம் வெறும் குறும்பியாகக்கூட இருக்கும். மிக்ஸி, டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

மாத்திரைகளை டப்பாவோடு கொண்டுபோங்கள். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையும், நரம்பு வலிக்கு இரவில் தரும் அமிட்ரிப்டிலினும் பெரியவர்களைக் குழப்பும். பிபி-க்கான நீர் மாத்திரை சோடியத்தைக் குறைக்கலாம். மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 இறங்கலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவருக்கு இன்னும் சீக்கிரம். பி12, தைராய்டு, சோடியம் மூன்றையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

யார் கூடப் போவது? பெரும்பாலும் ஆபீஸுக்கு லீவு போட்டு மகன்தான் போகிறார். பகல் முழுக்க வீட்டில் இருப்பவரைத்தான் அனுப்ப வேண்டும், அது மருமகளோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணோ. டாக்டர் உறவினரிடம் கேட்பது, முன்பு செய்த வேலைகளில் எது இப்போது முடியவில்லை என்பதை. இங்கேதான் பாசம் கணக்கைக் குழப்புகிறது. "செய்ய முடியவில்லை" வேறு, "செய்ய விடவில்லை" வேறு. கேஸ் பக்கம் போகாதீங்கம்மா என்று ஆறு மாதமாகச் சொன்ன வீட்டில் இரண்டில் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரு காலையில் ஃபில்டர் காபி போடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் நில்லுங்கள். பொடியை இரண்டு தடவை போட்டாலோ, வெந்நீர் ஊற்றாமலே டிகாக்ஷனுக்குக் காத்திருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். கை நடுங்கிக் கொட்டினால் அது வேறு விஷயம், தனியாகச் சொல்ல வேண்டும். பொடி டப்பா எங்கே என்று தேடினால் அது நோயே இல்லை. அது மருமகளின் சமையலறை.

அந்த வாரமே இன்னொன்றையும் எண்ணுங்கள்: ஃபோன் தவிர, ஒரு நாளில் எத்தனை பேரோடு ஐந்து நிமிஷமாவது தமிழில் பேசினார்? பேரன் இந்தியில் பதில் சொல்கிறான், மற்றவர்கள் ராத்திரி எட்டுக்குத்தான் வருகிறார்கள். குடும்பத்தோடு இருக்கிறார் என்றுதான் படிவத்தில் எழுதுவோம். ஆனால் 2024 லான்செட் கமிஷன் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 டிமென்ஷியா ஆபத்துக் காரணிகளில் காது மந்தமும் தனிமையும் மனச்சோர்வும் இருக்கின்றன. எதைக் கேட்டாலும் யோசிக்காமல் "தெரியலை" என்பவருக்கு மனச்சோர்வுக்கான கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள்.

குழப்பம் மாதக்கணக்கில் வராமல் இரண்டே நாளில் வந்திருந்தால் இதில் எதுவும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று, சோடியம் இறக்கம், விழுந்ததில் தலைக்குள் கசிவு, எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.