ஹைராக்ஸ் ரிசல்ட் ஷீட்டில் நேரம் எங்கே கசிகிறது

2025 மே மாதம் மும்பையில் ஹைராக்ஸ் (எட்டு முறை ஒரு கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு ‘ஸ்டேஷனில்’ உடற்பயிற்சி செய்யும் போட்டி) நடந்ததிலிருந்து சேலம் ஜிம்களிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. போட்டி முடிந்து வருபவர்களிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "டைம் என்ன?" 1:32 (ஒரு மணி 32 நிமிடம்) என்கிறார்கள், 1:45 என்கிறார்கள். அந்த மொத்த நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த பயிற்சியைத் திட்டமிட முடியாது. ரிசல்ட் ஷீட்டில் 8 ஓட்டங்களுக்கும் 8 ஸ்டேஷன்களுக்கும் தனித்தனி நேரம் இருக்கும். ஓடுபாதைக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே செலவான ராக்ஸ்ஸோன் நேரமும் இருக்கும். மருத்துவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிப்பதுபோல இந்தப் பதினேழு எண்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் படிக்க வேண்டும். நேரம் அதிகம் போன ஸ்டேஷனில்தான் குறை இருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பெரும்பாலும் தப்பு அதற்கு அரை மணி நேரம் முன்பே நடந்திருக்கும்.

வரிசையை ஒருமுறை சொல்லிவிடலாம். ஒவ்வொரு 1 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு ஸ்டேஷன். ஸ்கீஎர்க் (நின்றபடி இரு கைப்பிடிகளைக் கீழே இழுக்கும் கருவி) 1000 மீட்டர், ஸ்லெட் (எடை ஏற்றிய சறுக்குப் பலகை) தள்ளுவது 50 மீட்டர், ஸ்லெட் இழுப்பது 50 மீட்டர், பர்ப்பி பிராட் ஜம்ப் (தரையில் படுத்து எழுந்து முன்னால் தாண்டுவது) 80 மீட்டர், ரோயிங் 1000 மீட்டர், ஃபார்மர்ஸ் கேரி (இரு கையிலும் எடை தூக்கி நடப்பது) 200 மீட்டர், சாண்ட்பேக் லஞ்ச் (தோளில் மணல் மூட்டையோடு முட்டி மடக்கி எட்டு வைப்பது) 100 மீட்டர், கடைசியாக வால் பால் (உட்கார்ந்து எழுந்து பந்தைச் சுவர் இலக்கில் எறிவது) 100. ஆண்கள் ஓப்பன் (பொது) பிரிவில் தள்ளும் ஸ்லெட் 152 கிலோ, இழுப்பது 103 கிலோ, ஃபார்மர்ஸ் கேரிக்கு இரு கையிலும் 24 கிலோ, மூட்டை 20 கிலோ, பந்து 6 கிலோ.

விளக்குவதற்காக ஒரு கற்பனை வீரரை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் ஓப்பன், 10 கிலோமீட்டரை 49 நிமிடத்தில் ஓடக்கூடியவர், அதாவது கிலோமீட்டருக்கு 4:54. அவருடைய ஷீட் இப்படி இருக்கிறது:

ஓட்டங்கள்: 5:00, 5:10, 5:45, 6:00, 6:10, 5:50, 5:55, 6:30. கூட்டினால் 46:20.

ஸ்டேஷன்கள்: ஸ்கீ 4:25, தள்ளுதல் 3:10, இழுத்தல் 5:20, பர்ப்பி 5:50, ரோயிங் 4:50, ஃபார்மர்ஸ் 2:15, லஞ்ச் 5:25, வால் பால் 8:05. கூட்டினால் 39:20.

ராக்ஸ்ஸோன் 7:10. மொத்தம் 1:32:50.

இதைப் பார்த்ததும் யாருடைய கண்ணும் வால் பாலின் 8:05-இல்தான் போய் நிற்கும். "வால் பால் வீக், தினமும் நூறு போடு" என்று பயிற்சியாளரும் சொல்லிவிடுவார். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஷீட்டில் எண்கள் சரிதானா என்று பாருங்கள். ஓட்டத்தில் எத்தனை சுற்று என்பதை வீரரேதான் எண்ண வேண்டும். மூச்சு வாங்கும்போது எண்ணிக்கை தப்பி ஒரு சுற்று கூடுதலாக ஓடியவர்கள் நிறைய. ஏதாவது ஒரு ஓட்டம் மட்டும் திடீரென்று ஒன்றரை, இரண்டு நிமிடம் எகிறியிருந்தால் அது களைப்பு இல்லை, கூடுதல் சுற்று. அரங்கின் அமைப்பைப் பொறுத்து முதல் ஓட்டத்தின் தூரம் கொஞ்சம் மாறலாம் என்பதால் அந்த ஒன்றை எப்போதும் சந்தேகத்தோடு பாருங்கள். கூரைக்குக் கீழே வாட்சின் ஜிபிஎஸ் சொல்லும் தூரத்தை நம்பவே வேண்டாம்.

அடுத்து ஒரு வேலை. போட்டி முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, உடம்பு தெளிந்த பிறகு, ஒவ்வொரு ஸ்டேஷனையும் தனித்தனியாக, களைப்பில்லாமல், முழு வேகத்தில் செய்து நேரம் எடுங்கள். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம். போட்டி நேரத்தை இந்தத் தனி நேரத்தால் வகுங்கள். நம் வீரருக்கு ஸ்கீ தனியாக 4:10, பர்ப்பி 5:00, லஞ்ச் 4:10, வால் பால் 5:10 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஸ்கீக்கு 1.06, பர்ப்பிக்கு 1.17, லஞ்சுக்கு 1.30, வால் பாலுக்கு 1.56.

கதை இங்கேதான் திரும்புகிறது. வால் பாலில் அவர் தனியாகச் செய்தால் மோசமில்லை. 100 பந்தை 5:10-இல் முடிக்கக்கூடியவர் போட்டியில் 6:30 எடுத்திருந்தால் நியாயம். 8:05 எடுத்திருக்கிறார் என்றால் அந்த ஒன்றரை நிமிடத்துக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஸ்கீயின் 1.06-ஐப் பாருங்கள். ஒன்றரை மணி நேரப் போட்டியின் முதல் ஸ்டேஷனில், தன்னால் முடிந்த உச்சத்துக்கு 15 விநாடி மட்டும் குறைவாக இழுத்திருக்கிறார். அதற்கு முந்தைய கிலோமீட்டரை 5:00-இல் ஓடியிருக்கிறார், கிட்டத்தட்ட அவருடைய 10 கிலோமீட்டர் பந்தய வேகம். முதல் பத்து நிமிடத்திலேயே வாங்கிய கடன் இது. வட்டி ஐந்தாவது ஓட்டத்தில் 6:10 ஆகவும் எட்டாவதில் 6:30 ஆகவும் வந்து சேர்கிறது, அசல் சுவர் முன்னால் நின்று கேட்கிறது.

ஆகவே இவருக்கு முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது. முதல் இரண்டு ஓட்டங்களை 5:25-இல் ஓடட்டும், ஸ்கீயை 4:40-இல் இழுக்கட்டும். இதனால் 55 விநாடி கூடுதலாகச் செலவாகும். மூன்றிலிருந்து எட்டு வரையிலான ஓட்டங்கள் இப்போது சராசரி 6:02. அவை 5:40-க்கு வந்தால் 2:10 திரும்பக் கிடைக்கும். வால் பாலில் 1:20, ராக்ஸ்ஸோனில் 1:30. கழித்துக் கூட்டினால் 1:28:45. தசையில் ஒரு கிராம் கூட ஏறாமல் நான்கு நிமிடம். 10 கிலோமீட்டர் வேகத்தோடு 30 முதல் 45 விநாடி சேர்த்து ஓடத் தொடங்குவது ஓப்பன் பிரிவில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு.

ராக்ஸ்ஸோனில் 1:30 எப்படி? 7:10-ஐ எட்டால் வகுத்தால் ஒரு ஸ்டேஷனுக்கு உள்ளே போக, வெளியே வர 54 விநாடி. வீடியோ இருந்தால் பாருங்கள்: ஸ்டேஷன் முடிந்ததும் இடுப்பில் கை வைத்து நடை, தண்ணீருக்கு நிற்பது, அடுத்த ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று தேடுவது. மெதுவாகவாவது ஓடிக்கொண்டே இருந்தால் இது தானாகச் சுருங்கும். போட்டிக்கு முன்னால் அரங்கை ஒருமுறை நடந்து, நுழைவும் வெளியேறும் வழியும் மனப்பாடம் செய்யாதவர்கள்தான் இங்கே அதிகம் இழக்கிறார்கள்.

ஸ்லெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எடை ஒன்றே என்றாலும் கார்ப்பெட்டின் பிடிப்பு அரங்குக்கு அரங்கு மாறும். அதனால் போன போட்டியில் 2:40, இப்போது 3:10 என்று ஒப்பிட்டு வருந்துவதில் பொருளில்லை. அதே நாளில், அதே அரங்கில், உங்கள் மொத்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும் முடித்த பத்துப் பேரின் ஸ்லெட் நேரத்தை எடுத்து அதன் நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

ஸ்லெட்டுக்குப் பிந்தைய ஓட்டம் எல்லோருக்கும் மந்தமாகும். எப்படி மந்தமாகிறது என்பதுதான் கேள்வி. வாட்சில் ஒவ்வொரு சுற்றுக்கும் லேப் பட்டனை அழுத்தியிருந்தால் விடை கிடைக்கும். முதல் சுற்று மந்தம், கடைசிச் சுற்று பழைய வேகம் என்றால் தொடை மட்டும் கனத்திருக்கிறது. கனமான ஸ்லெட் பயிற்சி அதைச் சரிசெய்யும். எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி மந்தம், அல்லது போகப்போக இன்னும் மந்தம் என்றால் மூச்சும் இதயமும் மீளவில்லை. அவருக்கு வேண்டியது நீண்ட மெதுவான ஓட்டமும் த்ரெஷோல்ட் (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வேக) ஓட்டமும்தான், இன்னும் எடை இல்லை. இதயத் துடிப்பைப் பார்ப்பதானால் மார்புப் பட்டை வாங்குங்கள். ஸ்லெட்டையும் ஃபார்மர்ஸ் கைப்பிடியையும் இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு வாட்ச் தாறுமாறாகக் காட்டும்.

ரோயிங்கின் 4:50-ஐக் குறை சொல்ல வேண்டாம். அதற்குப் பிந்தைய ஓட்டம் 6:10-இலிருந்து 5:50-க்கு இறங்கியிருக்கிறது. உட்கார்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டு எழுந்திருக்கிறார், நல்ல முடிவு. பர்ப்பியில் தாண்டல்களை எண்ணுங்கள். 1.6 மீட்டர் தாண்டினால் 50, 1.2 மீட்டர் என்றால் 67. தூரமாகத் தாண்டுவது கெட்டிக்காரத்தனம் போலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் இரண்டு விநாடி நின்றால் கணக்கு தோற்றுப்போகும். வால் பாலில் எத்தனை நோ-ரெப் (நடுவர் கணக்கில் சேர்க்காத எறிதல்) என்று நடுவர் பக்கத்து வீடியோவில் எண்ணுங்கள். இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்காததும் பந்து இலக்கைத் தொடாததும்தான் இரண்டு காரணங்கள். ஒரு பந்துக்கு இரண்டரை விநாடி என்றால் 100-க்கு 4:10. மீதி நேரமெல்லாம் பந்து தரையில் கிடந்த நேரம். 30 போட்டு நெடுநேரம் நிற்பதைவிட, 10, 10 ஆகப் பிரித்து நடுவில் மூன்று மூச்சு மட்டும் எடுப்பது இவரைப் போன்றவருக்கு உதவும்.

இனி, இதையெல்லாம் சேலத்தில் எப்படிச் சோதிப்பது. உண்மையான ஸ்லெட் பாதை எல்லா ஜிம்மிலும் இல்லை. ரீட்ரெடிங் பட்டறையில் கழித்த லாரி டயர் கிடைக்கும், ஒன்றே 50 கிலோவை ஒட்டி வரும். ஆனால் 103 கிலோவை ஏற்றினால் போட்டி எடை ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள், தார்ச்சாலையில் ரப்பரின் உராய்வு வேறு. பழைய இரும்புக் கடையில் பயன்படுத்தும் ஹூக் தராசு ஒன்றை வாங்குங்கள். ஸ்லெட் உள்ள ஜிம்மில் ஒருமுறை கயிற்றுக்கும் ஸ்லெட்டுக்கும் நடுவே அதை மாட்டி, சீரான வேகத்தில் நகரும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நொடியில் காட்டுவதை எடுக்கக் கூடாது, அது எப்போதும் கூடுதலாக இருக்கும். பிறகு உங்கள் இடத்தில் டயர்மேல் மூட்டை ஏற்றி அதே எண் வரும்வரை கூட்டுங்கள், குறையுங்கள். மண் தரை ஈரமானால் மறுபடி அளக்க வேண்டும்.

லஞ்சுக்கு மூட்டை: செவ்வாய்ப்பேட்டையில் 25 கிலோ அரிசிச் சிப்பம் காலிப் பை வாங்கி, உள்ளே பாலிதீன் பை வைத்து, காய்ந்த எம்-சாண்ட் 20 கிலோ மட்டும் போட்டுக் கட்டுங்கள். முழுக்க நிரப்பினால் கல்போல் நிற்கும். கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் தோளில் படியும்.

சேலத்து ஏப்ரல், மே வெயிலில் ஓடி எடுத்த துடிப்பையும் வேகத்தையும் ஏசி அரங்கின் எண்களோடு ஒப்பிடாதீர்கள். ஒரே வேகத்துக்கு இங்கே துடிப்பு ஐந்து பத்து கூடவே இருக்கும். ஒரு கிலோமீட்டர் ஓட்டச் சோதனைகளை விடியற்காலை 5:30-க்கு, 400 மீட்டர் தடத்தில் இரண்டரைச் சுற்றாகச் செய்யுங்கள். ஏற்காடு மலைப்பாதை தொடைக்கு அருமையான இடம், 20 கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் அங்கே கிலோமீட்டர் வேகத்தைப் பார்க்க வேண்டாம், துடிப்பை மட்டும் வைத்து ஏறுங்கள். வார இறுதியில் சுற்றுலா வண்டிகள் நெரிசல், வார நாளில் போங்கள். ஏறிவிட்டு இறங்க பஸ் பிடியுங்கள். ஓடி இறங்கினால் தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் எடையைத் தாங்குவதால் உள்ளுக்குள் கிழிபடும், வலி நான்கைந்து நாள் நிற்கும். போட்டிக்கு முந்தைய சில நாளில் ஏற்காட்டை ஓடி இறங்கியவருக்கு அந்த வலி ரிசல்ட் ஷீட்டில் லஞ்சிலும் எட்டாவது ஓட்டத்திலும் வந்து நிற்கும்.