மசாய் மாரா: முதல் சஃபாரிக்குக் கிளம்பும் முன்

கென்யா போய் வந்ததிலிருந்து நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சிங்கம் பார்த்தீங்களா?" அடுத்தது, "எவ்வளவு ஆச்சு?" சிங்கம் பார்த்தோம். செலவைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒன்றுதான் முதல் சஃபாரியைத் தீர்மானிக்கிறது: ஒரே இடத்தில் எத்தனை இரவு தங்கப் போகிறீர்கள்?

டூர் நிறுவனங்கள் அனுப்பும் அட்டவணைகளைப் பார்த்தால் ஒரே வாரத்தில் அம்போசெலி, நைவாஷா, நகுரு, மாரா (மசாய் மாராதான்) என்று விலங்கு பார்க்கும் இடங்கள் நான்கின் பெயர் இருக்கும். வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். அம்போசெலி தான்சானியா எல்லையை ஒட்டி, கிளிமஞ்சாரோவின் அடிவாரத்தில் இருக்கிறது. மாரா இன்னொரு மூலையில், மேற்கே. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நைரோபி பக்கம் சுற்றி வந்து, பகல் முழுவதையும் சாலையில் கழிக்க வேண்டும். பகல்தான் விலங்கு பார்க்கும் நேரம். அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாராவை வைத்துக்கொள்ளுங்கள். நாள் மிச்சமிருந்தால் வழியில் நைவாஷா அல்லது நகுரு, ஏதாவது ஒன்று. மீதி இரவுகளை மாராவிலேயே போடுங்கள்.

எப்போது போவது? நம்மூர்க் குடும்பங்களுக்கு ஏப்ரல், மே பள்ளி விடுமுறைதான் வசதி. ஆனால் மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக்காலம். மாராவின் பல பகுதிகள் கரிசல் மண். மழையில் கரிசல் என்ன செய்யும் என்று கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட் க்ரூஸரே அச்சு வரை இறங்கிவிடும். புல்லும் ஆளுயரம் நிற்பதால் படுத்திருக்கும் சிங்கம் கண்ணுக்குப் படாது. விடுதிக் கட்டணம் குறைவு, கூட்டம் இல்லை என்பதெல்லாம் உண்மைதான். முதல் பயணத்துக்கு ஆகாது. காலாண்டுத் தேர்வு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசி நல்ல காலம். எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வந்த வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் பெரிய மான்) கூட்டங்கள் அப்போது மாராவில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். பயணிகள் கூட்டம் வேண்டாம், விலங்கு போதும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. அப்போதும் தரை காய்ந்திருக்கும், கட்டணமும் இறங்கியிருக்கும்.

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியாக ஐந்து, ஆறு மணி நேரம். நகரத்தைத் தாண்டி மேடேறினால் சட்டென்று தரை கீழே விழுகிறது. அதுதான் ரிஃப்ட் பள்ளத்தாக்கு. இறக்கத்தில் மாய் மாஹியூவுக்கு அருகே சாலையோரம் ஒரு குட்டித் தேவாலயம் உண்டு. 1942-இல் இத்தாலியப் போர்க் கைதிகள் கட்டியது. அப்புறம் நரோக் என்ற ஊர், அங்கிருந்து மாராவின் செகெனானி நுழைவாயில் வரை தார்ச்சாலை. விமானம் என்றால் நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம்தான், ஆனால் சிறிய விமானம். கைப்பை உட்பட 15 கிலோ, அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். முதுகுவலி இல்லாதவர்கள் போகும்போதாவது சாலையில் போங்கள். அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒருமுறை இறங்கி நிற்க வேண்டும்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு போகாதீர்கள். மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கூரை திறந்த வண்டியில் நின்றால் காது விறைத்துவிடும். ஸ்வெட்டர், குல்லா இரண்டும் வேண்டும். பத்து மணிக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுவீர்கள்.

முதுமலையிலோ டாப்ஸ்லிப்பிலோ காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், நம் காடுகளில் யானை பத்தடியில் நின்றாலும் மூங்கில் மறைத்துவிடும். மாராவில் கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. ஆங்காங்கே குடை விரித்தாற்போல் வேல மரங்கள். எல்லாமே வெட்டவெளியில்தான் நடக்கிறது, ஆனாலும் பழகாத கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு காலை, டோபி என்ற பழுப்பு நிற மான் ஒன்று கரையான் புற்றின் மேல் ஏறி அசையாமல் நின்றது. நான் கேமராவைத் தூக்கினேன். எங்கள் ஓட்டுநர் அதைப் பார்க்கவே இல்லை. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத்தான் பார்த்தார். அந்தத் திசையில் மெதுவாக வண்டியை விட்டார். கொஞ்ச தூரத்தில், புல் நிறத்திலேயே, இரண்டு பெண் சிங்கங்கள். நான் தனியாகப் போயிருந்தால் கடந்து போயிருப்பேன். ஓட்டுநர்தான் வழிகாட்டி, அவர்தான் உங்கள் கண். விடுதியில் ஒரு நட்சத்திரம் குறைந்தாலும் பரவாயில்லை, அனுபவமுள்ள ஓட்டுநர் கேளுங்கள். ஜன்னல் இருக்கை எல்லோருக்கும் உண்டா, வண்டியில் எத்தனை பேர் என்பதையும் முன்பணம் கட்டும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

சிங்கம் நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் தூங்கும் சிங்கத்தைத்தான். ஐந்து நிமிடம் நின்று படமெடுத்துவிட்டு "அடுத்து சிறுத்தை" என்று கிளம்புகிற வண்டிகளை நிறையப் பார்த்தேன். கிளம்பாமல் இருங்கள். தாய் சிங்கம் கொட்டாவி விட்டுப் புரளும். குட்டி அதன் வாலைக் கடிக்கும். பசித்தது எழுந்து காற்றில் மோப்பம் பிடிக்கும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். நேரத்துக்குத்தான் கூடுதல் இரவு. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற ஐந்து பெரிய விலங்குகளையும் பார்த்தாக வேண்டும் என்ற கணக்கை விட்டுவிட்டால் பறவைகளும் கண்ணில் படும். நம் பனங்காடையின் உறவுக்காரப் பறவை ஒன்று அங்கே ஊதா நெஞ்சும் நீலச் சிறகுமாகக் கிளைக்குக் கிளை உட்கார்ந்திருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மதியம் சிவிங்கிப்புலி (சீட்டா) ஒன்றைப் பார்த்தோம், கூட இரண்டு குட்டிகள். பிடரியிலிருந்து முதுகு வரை சாம்பல் நிறத்தில் பஞ்சு போல முடி. தாய் ஒரு மான் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ரேடியோவில் சேதி பரவி, பத்து நிமிடத்துக்குள் வண்டிகள் சூழ்ந்துகொண்டன. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. யாரும் நகரவில்லை. எங்கள் ஓட்டுநர் மட்டும் பின்னால் எடுத்தார். "அது பகலில் வேட்டையாடுவது. வழியை அடைத்தால் குட்டிகளுக்கு இன்று சாப்பாடு இல்லை" என்றார். படம் சரியாகக் கிடைக்கவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. ஓட்டுநரிடம் "இன்னும் கிட்டப் போங்க" என்று சொல்லாதீர்கள். டிப்ஸை நம்பியிருக்கும் மனிதர் அவர், மறுக்க முடியாமல் போய்விடுவார்.

வில்டபீஸ்ட் கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகவே ஜூலை முதல் அக்டோபர் வரை போகிறவர்கள் உண்டு. அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். ஆயிரக்கணக்கில் கரையில் வந்து குவியும், புழுதி எழும்பும், முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பும், மொத்தக் கூட்டமும் திரும்பும். மணிக்கணக்கில் இப்படியே போகலாம். இறங்கிவிட்டால் அவ்வளவுதான், ஆறே கறுத்துவிடும். முதலைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்கிச் சாவதும் ஏராளம். அந்த உடல்கள் பாறுக் கழுகுகளுக்கும் மராபூ நாரைகளுக்கும் மீன்களுக்கும் வாரக்கணக்கில் உணவு. குழந்தைகளோடு போகிறவர்கள் இதையும் எதிர்பார்த்துப் போங்கள்.

இனி செலவு. மாரா தேசியக் காப்பகத்தின் நுழைவுக் கட்டணமே வெளிநாட்டவருக்கு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024-இல் இப்படி உயர்த்தினார்கள். மாறக்கூடியது, கிளம்பும் முன் பாருங்கள். சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைக்கும்தான். டூர் நிறுவனம் தருகிற விலையில் இது சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள். குறைந்த விலை சொல்கிற பலர் இதைத் தனியாக வைத்திருப்பார்கள். காப்பகத்தைச் சுற்றி மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்ற கன்சர்வன்சிகள் இருக்கின்றன. மசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வாடகை பெறும் ஏற்பாடு. அங்கே விடுதிகளும் வண்டிகளும் குறைவு. காப்பகத்துக்குள் அனுமதியில்லாத இரவுச் சவாரியும் நடைப்பயணமும் உண்டு. விலை கூடுதல்தான். முடிந்தவர்கள் ஒன்றிரண்டு இரவாவது அங்கே தங்குங்கள். பணம் நிலத்துக்காரர்கள் கைக்கும் போகிறது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். 1896-இல் மொம்பாசாவில் தொடங்கிய ரயில் பாதைக்குக் கூலிகளாக வந்த இந்தியர்களும் பின்னால் வந்த வணிகர்களும் விட்டுச்சென்ற சப்பாத்தி இன்று கென்யர்களின் வீட்டுச் சாப்பாடு. சைவம் என்று முன்பே சொல்லிவிட்டால் பருப்பு, பீன்ஸ், கீரை, சோறு எல்லாம் வரும். காரம் மட்டும் இருக்காது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள். கூடாரம் என்றதும் தயங்குகிறவர்களுக்கு: கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஜிப்பை முழுசாக மூடுங்கள், குரங்குகள் கெட்டிக்காரத்தனமானவை. இருட்டிய பிறகு காவலாளி துணையில்லாமல் வெளியே வராதீர்கள். நீர்யானை இரவில்தான் கரையேறி மேய்கிறது.

எடுத்துப்போக வேண்டியதில் நான் முதலிடம் தருவது பைனாகுலருக்கு, ஆளுக்கு ஒன்று. குடும்பத்துக்கு ஒன்று என்றால் கைமாறுவதற்குள் பறவை பறந்துவிடும். பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை, துணிப்பையில் கட்டுங்கள்.

கடைசியாகக் காகித வேலை. விசாவுக்குப் பதில் 2024 முதல் மின்னணுப் பயண அனுமதி, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரிடம் கேளுங்கள், கிளம்பும் முன்பே தொடங்க வேண்டியிருக்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு வையுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில்தான் கண்டிப்பாகக் கேட்பார்கள், இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.