ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் ஒரு தூளி

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்கும்போது வீட்டுக்காரர் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மேல்தளத்தில் துளை போடவே கூடாது. ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு நிற்கிற நேரத்தில் எதற்கும் தலையாட்டத்தான் தோன்றும். ஆட்டினேன். அன்று ராத்திரி பெட்டியைத் திறந்து, அப்பா மடித்துக் கொடுத்திருந்த தூளித் துணியை எடுத்தபோதுதான் அது உறைத்தது. பத்தடித் துணி இருக்கிறது, மாட்டுவதற்கு ஒரு கொக்கி இல்லை.

எங்கள் ஊர் திருச்சிப் பக்கத்துத் திருவெறும்பூர். அப்பா ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்கட்டு உத்தரத்தில் அவரே அடித்துப் பொருத்திய இரண்டு இரும்பு வளையங்கள் உண்டு. நான் பிறந்தபோது சின்னத் தூளி தொங்கிய அதே இடத்தில், பிறகு கரூரில் நெய்த கனத்த துணியில் பெரிய தூளி வந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அப்பாவுக்கு அதுதான் கட்டில். நான் பள்ளி விட்டு வந்தால் எனக்கு. கல்யாணம் ஆகி, கணவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு, மெத்தையில் புரண்டு புரண்டு படுத்த ராத்திரிகளில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது என்றால் முதலில் முதுகுக்குத்தான் வந்தது.

மொழி தெரிந்த நாடு என்று நினைத்து வந்தவள் நான். தமிழ்தான், ஆனால் காதைக் கொஞ்சம் திருகி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே யாரும் பேசுவதில்லை, கதைக்கிறார்கள். ஆமாம் கிடையாது, ஓம். கீழ் வீட்டில் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை அன்ரி, அதாவது ஆன்ட்டி, என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டேன். ஒரு நாள் துணியைத் துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஏணை கட்டப் போறீரோ?" என்றார். ஏணை என்றால் எனக்குப் புரியவில்லை. கைகளைத் தொட்டில் போல ஆட்டிக் காட்டினார். எங்கள் தூளிதான் அவருக்கு ஏணை. குழந்தைக்கு இல்லை அன்ரி, எனக்குத்தான் என்றேன். சிரிக்கவில்லை அவர். "முதுகு நோகுதோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அப்பாவிடம் ஃபோனில் புலம்பினேன். "கூரை தர மாட்டேன்னா போகட்டும் பாப்பா. ஒரு கூரையை நாமளே நிறுத்திக்கலாம்" என்றார். மறுநாள் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அடி ஸ்கேல் வைத்துப் போட்டது. இரண்டு பக்கமும் மூன்று கால் கொண்ட முக்காலி, அவற்றின் மேல் குறுக்காக ஒரு பைப். அவ்வளவுதான்.

அதில் அப்பா எழுதியிருந்த கணக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் கை வைக்கிற எவரும் முதலில் தவறுவது அங்கேதான். தூளியில் படுத்தால் நம் எடை கீழ்நோக்கித்தான் போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டு முனைகளையும் உள்நோக்கி இழுப்பதுதான் பெரிய விசை. கயிறு படுக்கைவாட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு முனையும் கீழ்நோக்கி 35 கிலோவும் உள்நோக்கி 60 கிலோவும் இழுபடும். தொய்வு பிடிக்காமல் 10 பாகையில் இழுத்துக் கட்டினால் அந்த உள் இழுப்பு 200 கிலோவைத் தொடும். ஆணி அடித்த சுவர் பெயர்ந்து வருவதும், மெல்லிய மரம் சாய்வதும் இதனால்தான். அப்பாவின் வழி எளிமையானது. தூளியின் இரண்டு நுனியையும் குறுக்குப் பைப்பின் இரண்டு முனையிலேயே கட்டிவிடு. உள் இழுப்பை அந்தப் பைப் தன் நீளத்தாலேயே தாங்கிக்கொள்ளும். முக்காலிக்கு மிஞ்சுவது கீழ் எடை மட்டும். சுவரும் வேண்டாம், தரையில் போல்ட்டும் வேண்டாம்.

பைப் வாங்க 100 ஆம் நம்பர் பஸ்ஸில் கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டைக்குப் போனேன். அங்கிருந்து நடந்தால் பழைய சோனகத் தெரு. இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. எனக்கு அங்கே காலெடுத்து வைத்ததும் திருவெறும்பூர்ப் பட்டறைகளின் வாசம் அடித்தது, வெட்டிய இரும்பும் எண்ணெயும் கலந்த வாசம். கடைக்காரரை ஊர் வழக்கப்படி பாய் என்று கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற பையன் மெதுவாக, "நானா எண்டு சொல்லுங்க அக்கா" என்றான். சரி, நானா. இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "சாரம் கட்டுகிற மாதிரி ஒன்று நிறுத்தணும் நானா" என்று தொடங்கினேன். அவர் தன் இடுப்பைப் பார்த்தார். இங்கே சாரம் என்றால் லுங்கி. கட்டடத்துக்குக் கட்டுவது என்று விளக்கிய பிறகுதான் முகம் தெளிந்தது. "கெல்வனைஸ்டா, பிளாக்கா மகள்?"

கெல்வனைஸ்டுதான், துத்தநாகம் பூசியது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் கறுப்பு இரும்பு நிற்காது. அன்ரி வீட்டு ஜன்னல் கம்பி விரலால் தொட்டால் துகளாக உதிர்கிறது.

ஒன்றரை அங்குல வெளிவிட்டம், 1.5 மில்லிமீட்டர் தடிப்பு, 20 அடி நீளத்தில் இரண்டு பைப். முதல் பைப்பில் 5 அடிக் கால் நான்கு. இரண்டாவதில் மீதி இரண்டு காலும், குறுக்குப் பைப்புக்கு மூன்றடித் துண்டு மூன்றும். கடைசியில் ஓரடிதான் மிச்சம். மூன்று துண்டாக வெட்டியது காரணத்தோடுதான். ஒன்பதடிப் பைப்பை லிஃப்டில் ஏற்ற முடியாது, வீடு மாறும்போது கொண்டுபோகவும் முடியாது. துண்டுகளை இணைக்க உள்ளே நுழைகிற பைப் வேண்டும். ஒரு அங்குலம் என்று விற்கிற கெல்வனைஸ்டு தண்ணீர்ப் பைப்பின் வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டர், எங்கள் பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 35. பாவாடைக்குள் நாடா போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஓரடி நீளத்தில் இரண்டு வாங்கினேன், ஒவ்வொரு பக்கமும் அரை அடி உள்ளே இருக்கும்படி.

வெல்டிங் வைக்கவில்லை. துத்தநாகம் பூசிய பைப்பை வெல்டு செய்தால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது. அப்பா அந்தப் புகையால் காய்ச்சலில் கிடந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

பைப் எல்லாம் வெட்டி முடித்ததும் நானா, "நாட்டாமையக் கூப்பிடுறன், அவன் தூக்கிட்டு வருவான்" என்றார். நான் பதறிப்போனேன். எங்கள் ஊரில் நாட்டாமை என்றால் ஊர்ப் பெரிய மனிதர், அவர் என் பைப்பைத் தூக்குவதா? வந்தவர் தோளில் துண்டை முறுக்கி வைத்திருந்த ஒரு சுமைதூக்கும் அண்ணன். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர்களுக்கு அதுதான் பெயர். பதினாறு பதினேழு கிலோ இரும்பை ஒரே தூக்கில் தோளில் ஏற்றி, நெரிசலுக்குள் யார் மீதும் இடிக்காமல் முன்னால் நடந்தார். த்ரீவீல் ஆட்டோவுக்குள் பைப்புகளைச் சாய்த்து வைத்து, நுனிகளைத் தன் பழைய துணியால் சுற்றிக்கட்டி, "சீட் கிழியாம பாருங்க" என்றார். ஊரில் ஒரு சொல்லுக்கு இருந்த உயரம் இங்கே இன்னொரு விதமாக அந்த மனிதரின் தோளில் இருந்தது என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் அவர் முகம்தான் வருகிறது.

போல்ட்டுகளுக்குத் துளை போடும் வேலை மொட்டை மாடியில். காவலாளிக்குச் சிங்களம் மட்டுமே தெரியும், எனக்கு அது அறவே தெரியாது. டிரில்லை அவர்தான் எங்கிருந்தோ வாங்கி வந்தார். பைப் உருளாமல் பிடிக்க வேண்டும். "அல்லன்ன" என்றார். புரியாமல் நின்றேன். என் கையை எடுத்துப் பைப் மேல் வைத்து அழுத்தி மறுபடி "அல்லன்ன" என்றார். பிடி. நான் கற்ற முதல் சிங்களச் சொல். துளை விழுந்ததும் "ஹரி" என்றார். அதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை, எங்கள் சரிதான் அது. ஒவ்வொரு துளையிலும் பிசிறை அரத்தால் தேய்த்தேன். விட்டால் கயிற்றை அறுத்துவிடும். வெட்டிய முனைகளுக்கு ஜிங்க் பெயின்ட் இரண்டு பூச்சு.

மூன்று கால்களை உச்சியில் எட்டுப் போட்டாற்போல் கயிற்றால் பின்னிக் கட்டி விரித்தால் மேலே ஒரு கவட்டை கிடைக்கும். குறுக்குப் பைப் அதில் உட்காரும். கயிறு வழுகாமல் இருக்கக் காலுக்கு ஒரு போல்ட், குறுக்குப் பைப்பின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. நைலான் கயிறு எடை ஏறினால் நீளும், அதனால் பாலியெஸ்டர் வாங்கினேன்.

முதல் நாள் ஆர்வத்தில் தூளியைக் கட்டி, அப்படியே ஏறிப் படுத்தேன். டைல்ஸ் தரை. ஒரு கால் சறுக்கியது. முக்காலி மெதுவாக அகன்றுகொண்டே போனது, நான் தரையில், குறுக்குப் பைப் என் காதுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. வலியை விட அந்தச் சத்தம்தான் என்னை உலுக்கியது. கணவர் அன்றே இதை மாடியில் போட்டுவிடச் சொன்னார். அவர் பயம் நியாயமானது. ஆனால் தவறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கால்கள் விரிய ஒரு எல்லை இல்லை. மூன்று பாதங்களையும் தரையோடு ஒட்டி ஒரு கயிற்றால் சுற்றி, காலுக்குக் கால் மூன்றரை அடிக்கு மேல் போகாதபடி கட்டினேன். மேசைக் காலுக்குப் போடும் ரப்பர் மூடிகளை மாட்டினேன். குறுக்குப் பைப்பை இரண்டு கவட்டையோடும் தனியாக இறுக்கிக் கட்டினேன், எது வழுகினாலும் அது தலைக்கு வராதபடி. பிறகு அரிசி மூட்டையை ஒரு ராத்திரி முழுக்கத் தூளியில் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகுதான் நான். இதைச் செய்கிறவர்கள் தயவுசெய்து மூட்டையை முதலில் படுக்க வையுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. நீளவாக்கில் நேராகப் படுத்தால் முதுகு வளையும். கொஞ்சம் குறுக்காக, தலை ஒரு ஓரம் கால் எதிர் ஓரம் என்று படுத்தால் துணி சமமாக விரிந்து முதுகு கிடைவாக வந்துவிடும். ஊரில் சொல்லித்தராமலேயே எங்களுக்கு வந்த பழக்கம் அது. அன்ரிக்கு நான் சொல்லித்தந்தேன். இப்போது மத்தியானம் சில நாள் அவர் மேலே வருகிறார், "பத்து நிமிஷம் மட்டும் பிள்ளை" என்று. தென்மேற்குக் காற்று ஜன்னல் வழியாக நேராக வருகிற மாதங்களில் அந்தப் பத்து நிமிஷம் கடலோரத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் போகும்வரை நீளும்.

ஞாயிற்றுக்கிழமை பிரித்துக் கட்டாக மூலையில் நிறுத்திவிடுவோம், விருந்தாள் வந்தால் இடம் வேண்டுமே. திரும்ப மாட்டப் பத்து நிமிஷம். வீட்டுக்காரர் ஒரு தடவை வந்து தளத்தை அண்ணாந்து பார்த்தார். துளை இல்லை. கையால் பைப்பை அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடித்தார்.

அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். அவர் துணியைப் பார்க்கவில்லை. "கயிறு என்ன சாய்வு?" என்றார். ஃபோனைக் கயிற்றோடு வைத்துப் பார்த்தேன். 31 பாகை.

"சரி பாப்பா. படு."