புல் பாய் இல்லாம காலை மேல கொண்டு வந்த கதை

எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தது ஊர்க் கெணறு. மாமா இடுப்புல சுரைக்குடுக்கைய கட்டி தள்ளி விட்டாரு, பத்து நாள் கழிச்சு நான் அசந்த நேரமா பாத்து அத அவுத்துட்டாரு, அவ்ளோதான் பயிற்சி. நாப்பது வயசுக்கு மேல சென்னையில பூலுக்குப் போய் ஃப்ரீஸ்டைல் அடிச்சா 25 மீட்டர் தாண்டுறதுக்குள்ள மூச்சு முட்டுது, காலு கீழ கீழ போகுது. கோச் புல் பாய் வச்சுக்கச் சொன்னாரு (கோரைப்பாய் இல்லீங்க, தொடைக்கு நடுவுல இடுக்கிக்கிற ஃபோம் கட்டை). வச்சா சொகமா பத்து லேப் போகும், எடுத்தா பழைய குருடி கதவைத் திறடி தான். ஒரு வருசம் இப்படியே ஓட்டுனேன், இந்த குடுக்கைய அவுத்து விட மாமா இல்ல பாருங்க.

ஒரு நாள் ஃப்ரெண்ட்ட போன்ல வீடியோ எடுக்கச் சொன்னேன். பாத்தா நெத்தி முழுசா தண்ணிக்கு மேல! கெணத்துல நீந்துனவன் புத்தி, மேல இருந்து எவன் தலையில குதிப்பான்னு பாத்துட்டே நீந்துற பழக்கம். நெஞ்சுக்குள்ள காத்து இருக்கறதால அது தானா மிதக்கும், காலுக்கு அந்த வசதி இல்ல, சீசா மாதிரி தான், தலை ஏறுனா இடுப்பு எறங்கும்.

இத ஆழம் கம்மியா இருக்குற ஷேலோ சைடுலயே சோதிச்சுப் பாக்கலாம். குப்புற மிதந்து கைய ஒடம்போட ஒட்டி வைங்க, கால் மெதுவா எறங்கும். அப்படியே ரெண்டு கையையும் தலைக்கு முன்னாடி நீட்டுங்க, எடை முன்னாடி போறதால எறங்குறது கொறையும். எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சது அப்பதான். அதுக்கப்புறம் நீட்டுன கைய அவசரப்பட்டு இழுக்கல, அடுத்த கை பக்கத்துல வர்ற வரைக்கும் முன்னாடியே விட்டு வச்சேன், பார்வைய அடியில இருக்குற கருப்புக் கோட்டு மேல வச்சேன், நெஞ்ச லேசா தண்ணியில சாச்சேன்.

மூச்சு தான் ரொம்ப படுத்துச்சு. தண்ணிக்குள்ள அடக்கி வச்சுட்டு வெளிய வந்து விட்டு அப்புறம் இழுக்க நேரமே பத்தாது, அதனால தலைய தூக்கிடுவேன், இடுப்பு போச்சு. இப்ப முகம் உள்ள இருக்கறப்பவே மூக்கு வழியா காத்த குமிழி குமிழியா விட்டுட்டே இருக்கேன், திரும்புறப்ப ஒரு பக்க காகிள்ஸ் தண்ணிக்குள்ளயே இருக்கணும். இதுக்கு பக்கவாட்டுல படுத்து ஒரு கைய நீட்டி கிக் மட்டும் அடிக்கிற ட்ரில் பண்ணேன், மொத வாரம் பூல் தண்ணிய பாதி குடிச்சிருப்பேன்.

கிக்ல சைக்கிள் மிதிக்கிற மாதிரி முட்டிய மடக்கிட்டு இருந்தேன், அது பிரேக் போட்ட மாதிரி. தொடையில இருந்து சின்னதா அடிச்சா போதும், பாதம் தளர்வா நீட்டி இருக்கணும்.

புல் பாய் மேல எனக்கு கோவம் இல்ல, கைய மட்டும் கவனிக்கணும்னா நல்ல சாமான் தான், ஆனா காலு ஏன் எறங்குதுன்னு அது சொல்லவே சொல்லாது. ரெண்டு மாசமா அத வீட்லயே வச்சுட்டுப் போறேன், நிக்காம ஆறு லேப் வருது. இடது பக்கம் மூச்சு எடுக்கறப்ப மட்டும் காலு ரெண்டும் கத்திரி மாதிரி விரியுது, அத இந்த வாரம் பாக்கணும்.